நான்தான், சும்மா ஓடுறன்

ஆனி மாதம், இரண்டாவது வியாழக்கிழமை. விடிந்ததும் ஊரடங்கு நீங்கியது. நகரில் சூட்டுச் சத்தம் இல்லை. துறைமுகப் பக்கமும் அமைதி. ஓய்வுபெற்ற துறைமுகப் பொறியியலாளர் ஒருவர், வயது அறுபத்தொன்று, தம் வீட்டுப் படலையைத் திறந்து ஒழுங்கை வழியே கடற்கரைப் பக்கமாக ஓடினார். அவரை எவரும் துரத்தவில்லை. அவரைக் கண்ட அயற்குடும்பங்கள் பிள்ளைகளையும் பைகளையும் தூக்கிக்கொண்டு மாதா கோயிலுக்கு ஓடின. ஒரு முதியவருக்கு முழங்கால் உரிந்தது. ஒரு குசினியில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. வேறு சேதம் இல்லை.

அந்தப் பொறியியலாளர் நான்.

அதற்கு முந்திய பங்குனியில் என் மனைவி இறந்தா. குண்டோ சூடோ படவில்லை, இதயம் நின்றுபோயிற்று. செத்த வீட்டுக்கு வந்தவர்கள், "குடுத்துவைச்சவ, கட்டிலிலை போனவ" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகனை இரண்டு வருடங்களுக்கு முன் சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் கொண்டுபோயிருந்தார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அவ என் குசினியில் நின்று வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினா. அந்த ஒழுங்கையில் என் துக்கத்தை வைக்க இடமில்லை என்று எனக்குப் பட்டது. ஆகவே அதை வெளியில் காட்டவில்லை.

அதன் பின் வந்ததைத் துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கத்தில் ஆளின் முகமாவது தெரியும். இது முகமில்லாத ஒரு பாரம். கதிரையில் இருந்தால் எழும்பத் தோன்றாது. சவரம் செய்ய எடுத்த தண்ணீர் ஆறிப்போகும். வானொலிச் செய்தியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டுவிட்டு, உடனே மறந்துவிடுவேன். அவர்களில் ஒருவனாக நான் ஏன் இல்லை என்ற எண்ணம் மட்டும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் வைத்தியர் பொறுமையாகக் கேட்டார். மருந்து முடிந்திருந்தது, அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகக் காலத்தில் நான் ஓட்டக்காரன் என்று பேச்சில் வந்தது.

"அப்ப திருப்பி ஓடிப் பாருங்கோ, ஐயா. மருந்து வரேக்கை வரட்டும்."

"இந்த ஊரிலையோ?"

"ஆமிச் சென்றி இல்லாத பக்கமா ஓடுங்கோ."

சென்றிக் காவலர்களை மட்டுமே நாங்கள் இருவரும் யோசித்தோம். எங்கள் சனத்தை யோசிக்கவில்லை. அவர்களுக்கு ஓட்டம் என்றால் பின்னால் ஏதோ வருகிறது என்றே பொருள்.

அன்று திரும்பி வந்தபோது ஒழுங்கை வெறுமையாக இருந்தது. கோயில் வளவில் எல்லோரும் நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண், மகனுடைய பிறப்பத்தாட்சி இருக்கும் பையை மார்போடு அணைத்தபடி முன்னுக்கு வந்தா.

"எந்தப் பக்கம் சண்டை, ஐயா?"

"ஒரு பக்கமும் இல்லை, தங்கச்சி. நான் சும்மா ஓடினனான்."

"சும்மாவோ?"

"எங்கடை சனத்திலை சும்மா ஓடுற மனுசனை இண்டைக்குத்தான் கண்டன்," என்றார் முழங்கால் உரிந்தவர். "காசு குடுத்தாலும் நான் ஓடமாட்டன்."

பயம் தீர்ந்த சிரிப்பு எழுந்தது. அவ சிரிக்கவில்லை.

"நீங்கள் போகேக்கை முகத்தைப் பாத்தனான்," என்றா மெல்ல. "பின்னாலை ஆரோ வாறமாதிரித்தான் இருந்தது. ஆர் வந்தது, ஐயா?"

நான் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினேன். நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, ஒழுங்கைக்கான விதியை அவவே வகுத்தா: இனி ஓடுவதென்றால் ஒவ்வொரு படலையிலும் குரல் கொடுத்துவிட்டு ஓட வேண்டும்.

மாதக்கணக்கில் எவரோடும் கதையாத நான், மறுநாள் முதல் படலைக்குப் படலை "நான்தான், சும்மா ஓடுறன்" என்று சொல்ல வேண்டியவனானேன். "ஓம் ஐயா, ஓடுங்கோ" என்று உள்ளிருந்து மறுமொழி வரும். "இண்டைக்கு வலு மெதுவாத் துரத்துறாங்கள் போலை" என்று முழங்கால்காரர் கேலி செய்வார். சென்றி தெரியும் இடத்தில் கைகளைத் தொங்கவிட்டு நடப்பேன், கடந்ததும் ஓடுவேன். மைதானத்தில் மேயும் மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மேயும். முதல் நாளும் என்னைக் கண்டு ஓடாதவை ஊரில் அவை மட்டுமே.

ஓட்டம் எதையும் தீர்க்கவில்லை. மூச்சு வாங்கும்வரை பாரம் சற்றுப் பின்தங்கும். படலைக்குத் திரும்பும்போது அங்கே எனக்கு முன்பே வந்து நிற்கும்.

மாரி தொடங்கிய ஒரு காலை, எழும்புவதில்லை என்று முடிவு செய்தேன். அன்றைக்கு மட்டுமான முடிவு அல்ல அது. வெளிச்சம் நன்றாக வந்த பின் பக்கத்து வீட்டுப் பெண் குசினிக் கதவைப் படபடவென்று தட்டினா.

"ஐயா! இருக்கிறியளோ?"

"இருக்கிறன்."

"அப்ப ஏன் ஓடேல்லை? சனம் பையைக் கட்டிக்கொண்டு நிக்குது. ஐயா ஓடேல்லை, வெளியிலை என்னவோ இருக்கு எண்டு ஒருதரும் அடுப்பு மூட்டேல்லை. பிள்ளையள் பள்ளிக்கூடம் போகேல்லை."

"எழும்ப ஏலாது, தங்கச்சி."

மழைச் சத்தத்துக்கு மேலால் கதவு இன்னொரு தரம் தட்டப்பட்டது.

"எனக்கும் ஏலாதுதான்," என்றா. "எழும்புங்கோ."

எழுந்தேன். சப்பாத்தைத் தேட மனமில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் ஓடினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படலையிலும் மறுமொழி வந்தது. திரும்பியபோது கூரைகளின் மேல் புகை தெரிந்தது.

அடுத்த வருடம், தெற்கே ஒரு தடுப்பு முகாமில் மகனைக் கண்டதாக யாரோ சொல்ல, அவ பையோடு பஸ் ஏறினா. "வந்திடுவன். என்ரை படலையிலையும் சொல்லிப்போட்டு ஓடுங்கோ" என்றா. இரண்டு மாரி கழிந்துவிட்டது. அவ வரவில்லை, மகனும் வரவில்லை. விசாரித்த இடங்களில் தகவல் இல்லை. பூட்டிய படலையின் முன் நின்று நான் இன்னும் சொல்கிறேன். மறுமொழிக்கு வேண்டிய அளவு நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

செய்யாமல் விட்டவை:

மனைவியின் அலுமாரியைத் திறந்து சேலைகளை எவருக்காவது கொடுப்பது.

யார் வந்தது என்று கோயில் வளவில் அவ கேட்டதற்கு மறுமொழி சொல்வது.

அவவின் படலையில் கறள் பிடித்த இரும்புப் பிணைச்சலை மாற்றுவது.

இன்றைய ஓட்டம். வெயில் ஏறிவிட்டது, படலைகளில் ஆட்கள் என் குரலுக்குக் காத்து நிற்கிறார்கள்.