சுக்கு மணக்கும் குயில்ட்

1. ஊசி திரும்பினால்தான் சாயா

என் குயில்ட் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். காலையில் ஆளுக்கு ஓர் ஊசி கொடுப்பேன். தையல் முடிந்ததும் அது என் மேஜையில் இருக்கும் கம்பளித் துண்டில் வந்து குத்தி நிற்க வேண்டும். எல்லா ஊசியும் வந்த பிறகுதான் சாயா.

புதிதாகச் சேருகிறவர்கள் இதைக் கஞ்சத்தனம் என்று நினைப்பார்கள். குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த டாப், நடுவில் பஞ்சு விரிப்பான பேட்டிங், அடியில் பேக்கிங். மூன்றையும் சேர்த்துக் கையால் தைக்கும் ஊசி மிகவும் குட்டை. அது பஞ்சுக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் தைத்தவருக்குத் தெரியாது. போர்த்திக்கொண்டு படுப்பவருக்குத்தான் தெரியும்.

மட்டாஞ்சேரி பஜாரில், ஒரு பழைய அரிசிக் கிடங்கின் மாடியில் இந்தச் சட்டத்தோடு பல வருடம் ஓட்டிவிட்டேன். ஒரு நாள் மட்டும் சாயா ஃபிளாஸ்கிலேயே ஆறிப்போனது.

அன்று ஃபிரேமில் இருந்தது ஒரு குழந்தைக் குயில்ட். இடப்பள்ளியிலிருந்து ஸ்ரீதேவி சேச்சி தன் பேத்திக்காக ஆர்டர் கொடுத்தது. நீலத்தில் குட்டிக் குட்டித் தோணிகள், என் டிசைன். பிறந்த இருபத்தெட்டாம் நாள் பெயர் வைக்கும் சடங்கு மறுநாள் காலையில். சாயங்காலம் வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருந்தார். மதியம் கடைசித் தையலும் விழுந்தது. கம்பளித் துண்டைப் பார்த்தால் ஓர் ஊசி குறைகிறது.

2. மாஷ் உருண்டார்

குறைவதைச் சொன்னது ரஹ்மத். வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து என்னோடு தைப்பவர். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், இரண்டிலும் இந்த மாஷை, அதாவது வாத்தியாரை, கிண்டல் செய்யக்கூடியவர்.

ஊசி காணாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பேன். யாரும் எழுந்திருக்கக் கூடாது. முதலில் மடி, அப்புறம் தரை, அப்புறம் குயில்ட். அன்று முதலில் எழுந்து ஓடியது நான்தான். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மீன் பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து குயில்ட் மேல் தேய்த்தேன். அதற்குத் தன்னையே தாங்கச் சக்தி இல்லை. உள்ளங்கையால் தடவினேன். முழங்கையால் அழுத்தினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. குயில்ட்டைத் தரையில் விரித்து அதன் மேல் படுத்தேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியர், மாணவிகள் முன்னால், குட்டித் தோணிகளின் மேல் இந்தப் பக்கம் ஒரு புரளல், அந்தப் பக்கம் ஒரு புரளல்.

"குத்துனா கத்துங்க மாஷே, அந்த எடத்துல சாக்பீஸ் போட்டுருவோம்" என்றார் ரஹ்மத்.

"சிரிக்காத ரஹ்மத். பச்சப்புள்ள விஷயம்."

"உங்க தொப்பையில குத்துனா உங்களுக்கே சேதி வராது. ஒல்லியா யாரையாவது உருள விடுங்க."

என் மூளை அதற்குள் வெகுதூரம் போயிருந்தது. குழந்தை அலறுகிறது, எக்ஸ்ரே எடுக்கிறார்கள், ஸ்ரீதேவி சேச்சி அழுகிறார், நான் ஜெயிலில் போர்வை தைக்கிறேன். அங்கேயும் சாயாவுக்கு முன்னால் ஊசி எண்ணுகிறார்கள்.

களமசேரியில் ஒரு தையல் ஃபேக்டரியில் ஊசி கண்டுபிடிக்கும் மிஷின் இருப்பது ஞாபகம் வந்து போன் செய்தேன். வாட்ச்மேன் எடுத்தார். "இன்னு லீவு."

"மிஷின் மட்டும் போதும் சேட்டா."

"மிஷினும் லீவு."

3. கபூர்க்காவின் காந்தம்

பக்கத்துக் கிடங்கில் சுக்கும் மிளகும். சாக்கில் கட்டுவதற்கு முன் பிடி வைத்த கனமான காந்தக் கட்டையைச் சரக்கின் மேல் இழுப்பார்கள். ஆணி, கம்பித் துண்டு எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கும் காட்சி. பதற்றத்தில் அது கடைசியாகத்தான் ஞாபகம் வந்தது. குயில்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ரஹ்மத் பின்னாலேயே வந்தார்.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் கபூர்க்கா நிமிர்ந்தார். "எந்தா மாஷே, குழந்தையைத் தூக்கிட்டு வர்றது மாதிரி வர்றீங்க?"

"குழந்தைக்குத் தைச்ச குயில்ட்தான். உள்ள ஒரு ஊசி இருக்கு."

"படச்சோனே! அத எதுக்கு உள்ள வெச்சீங்க?"

சுக்கு மூட்டைகளின் மேல் குயில்ட்டை விரித்தோம். கபூர்க்கா காந்தத்தை மெதுவாக நகர்த்தினார். தோணி தோணியாகத் தாண்டியது. மூலைக்கு வந்தபோது டிக் என்று ஒரு சத்தம். துணி ஓரிடத்தில் குட்டிக் கூடாரம் போல எழும்பி நின்றது.

ரஹ்மத் அந்த இடத்தில் ஓரப்பட்டியின் தையலைப் பிரித்தார். வெளியே வந்தது ஊசி இல்லை. குண்டூசி. தலை மணி உடைந்துபோன குண்டூசி. ஓரப்பட்டியை மடித்துக் குத்தியபோது உள்ளே தங்கிவிட்டது. ஊசிக்குத்தான் என்னிடம் கணக்கு. குண்டூசியை எல்லோரும் டப்பாவிலிருந்து கை நிறைய அள்ளிக்கொள்வார்கள்.

"கிட்டியல்லோ! பின்னே எதுக்கு மூஞ்சி இப்படி?" என்றார் கபூர்க்கா.

"நான் தேடினது இது இல்ல கபூர்க்கா."

"தேடாததே கிட்டிருக்கு. சந்தோஷப்படு மாஷே."

முன்னும் பின்னும் இன்னொரு முறை இழுத்தோம். வேறு எதுவும் இல்லை. காந்தத்தைக் கடன் வாங்கிக்கொண்டு மேலே போனோம்.

4. யாருக்குச் சாயா கிடையாது

காந்தத்தை என் மேஜையில் வைத்தேன். ஓரமாக இருந்த பின்குஷன் தானாக நகர்ந்து வந்து அதில் ஒட்டிக்கொண்டது. மரத்தூள் அடைத்து, தக்காளி வடிவத்தில் நானே தைத்தது. ரஹ்மத் அதன் வயிற்றைக் கீறினார். காணாமல்போன குட்டை ஊசி வந்தது. பழைய ஊசிகள் இன்னும் சிலவும் துணைக்கு வந்தன.

"இந்தப் பின்குஷன் யாருது மாஷே?"

"என்னுது. ஊசியும் என்னுதுதான்."

"அப்ப இன்னிக்கு யாருக்கு சாயா கிடையாது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றது. இந்த ஊசி மதியமே கிடைத்திருந்தால் சாயா குடித்துவிட்டு, குயில்ட்டை மடித்துப் பையில் போட்டிருப்பேன். குண்டூசி குழந்தையோடு படுத்திருக்கும். என் பயம் சரியானதுதான். விலாசம் மட்டும் தப்பு.

ரஹ்மத் மூலையைத் திரும்பத் தைத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்ரீதேவி சேச்சி படியேறி வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் குயில்ட்டைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார்.

"சுக்கு மணக்குதல்லோ?"

"காந்தம் அங்கதான் இருந்தது சேச்சி."

"காந்தம் இங்க தாங்க. நானும் ஒருக்கா பார்க்கட்டே."

பார்த்தார். ஒரு மூலை விடாமல் பார்த்தார். டிக் வரவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்தார். ஆறிப்போன சாயாவைச் சுட வைத்து எல்லோருக்கும் ஊற்றினார்கள். எனக்கும் பாதி டம்ளர், ரஹ்மத்தின் தயவில்.

இப்போது குண்டூசியையும் எண்ணித்தான் கொடுக்கிறேன். தக்காளி போய்விட்டது. முடிந்த குயில்ட் எதுவானாலும் கபூர்க்காவின் கிடங்குக்கு ஒருமுறை இறங்கிப் போய்வந்த பிறகுதான் வாடிக்கையாளர் கைக்குப் போகும். இது என்ன வாசனை, பூச்சி வராமல் இருக்கவா என்று சிலர் கேட்பார்கள். குண்டூசி கதையைச் சொல்லிவிடுவேன். தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: தேடின சாமான் கிடைத்ததும் தேடுவதை நிறுத்தாதீர்கள்.

மறுநாள் சடங்கு முடிந்து ஸ்ரீதேவி சேச்சி போன் செய்தார். பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த ஊசியைக் கம்பளித் துண்டில் குத்திவிட்டு எடுத்தேன்.

"மாஷே, குயில்ட்ல படுக்க வெச்சதும் குஞ்ஞு ரெண்டு தடவ தும்மிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உறங்கிப்போச்சு."