கப்படோசியாவில் நான் பார்க்காதவை

மொன்றியலில் யாராவது துருக்கிக்குப் போய்வந்த படங்களைக் காட்டினால், நான் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். நானும் கப்படோசியாவுக்குப் போனவள்தான். கூம்பு கூம்பாக நிற்கும் பாறைகள், அவற்றைக் குடைந்து கட்டிய தேவாலயங்கள், நிலத்துக்கடியில் இருக்கும் ஊர் எல்லாம் என் பயணத் திட்டத்தில் இருந்தன. ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு பஸ்ஸின் உட்புறம் மட்டும்தான்.

இது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மொன்றியலின் லாசால் பகுதியில் அம்மாவும் நானும் இருந்தோம். எனக்குக் கர்க்லாண்டில் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடைக்கும் வேலை. காலையில் இருட்டோடு பஸ் பிடித்து, மாலையில் இருட்டோடு வீடு வருவேன். அப்படிப்பட்டவள் இளைஞர்களுக்கான துருக்கிச் சுற்றுலா ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறேன் என்ற செய்தி ஞாயிறு பூசைக்கு வந்தவர்களுக்கு நல்ல தீனியாகிவிட்டது.

"மாப்பிள்ளை பாப்பமெண்டால் இவள் துருக்கி பாக்கப் போறாளாம்" என்றார் பாடகர் குழுவில் இருந்த மாமி ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாய் திறக்க முடியாது. எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. களவாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி மூலம் புறப்பட்டு வழியில் நிற்பவனைப் பற்றி, அவன் போய்ச் சேரும்வரை வெளியில் மூச்சு விடக்கூடாது. சொன்னால் சரிவராது. எங்கள் வீட்டில் அப்படி வழியில் நின்றவன் என் தம்பி.

நாங்கள் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டபோது அவன் சின்னவன். பிறகு கூப்பிடலாம் என்று மாமாவோடு விட்டுவிட்டு வந்தோம். கூப்பிடும் தகுதி எங்களுக்கு வந்தபோது, பிள்ளையென்று கூப்பிடும் வயதை அவன் தாண்டிவிட்டான். கடைசியில் ஓர் ஏஜென்சி அவனைத் துருக்கிவரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் காணாமல் போனது. அகதியாகப் பதிந்த அவனை உள்நாட்டில் நெவ்ஷெஹிர் என்ற ஊரில் இருக்கச் சொன்னார்கள். கனடா ஏற்றுக்கொள்வதாகக் கடிதம் வரும்வரை அந்த மாகாணத்தை விட்டு வெளியே போகக்கூடாது, ஒழுங்காகப் போலீசில் கையெழுத்து வைக்கவேண்டும். கடிதம் வருகிற பாடாக இல்லை.

ஒருநாள் போனில் சொன்னான்: "அம்மா, இனி ஏலாது. பெடியளோட சேர்ந்து கடலால கிரேக்கத்துக்குப் போகப் போறன்."

எங்கள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். அம்மா ஏதோ சொல்லத் தொடங்க, டெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்கிய போன் கார்ட் முடிந்து லைன் அறுந்துபோனது. அதற்குப் பிறகு எடுத்தபோதெல்லாம் "ஓமம்மா, பேந்து கதைப்பம்" என்று நழுவினான்.

அம்மாவிடம் கனடாப் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்தது. பெண்பிள்ளையைத் தனியே அனுப்பவும் மனமில்லை. கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு வருவதென்றால் சரி. அந்தச் சுற்றுலாவில், கப்படோசியா இருக்கும் நெவ்ஷெஹிர்ப் பக்கம் முழுதாக ஒருநாள் இருந்தது. தங்கும் ஹோட்டலின் பெயரைத் தம்பிக்குப் போனில் சொல்லிவைத்தேன்.

"முகத்தைப் பாத்துச் சொன்னால் கேப்பான். கடலால போகாதை, அப்பாவை நினை எண்டு சொல்லு. வேற ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்றார் அம்மா. கூடவே வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒரு சுவெட்டர், மடுமாதா பதக்கம் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துத் தந்தார்.

இஸ்தான்புல்லில் ஏறிய கணத்திலிருந்து அந்தப் பஸ் எனக்குப் பிடிக்கவில்லை. பெரும்பாலும் அவுஸ்திரேலியப் பிள்ளைகள், கூடவே கியூபெக் பெண்கள் இருவர். வழிகாட்டியோ ஒரு மைக் பைத்தியம். யாராவது கண்ணயர்ந்தால் அவருக்குப் பொறுக்காது. "குட் மோர்னிங், குட் மோர்னிங்" என்று மைக்கில் கத்தி எழுப்பிவிட்டுத்தான் அடுத்த மலையைக் காட்டுவார். உப்பு ஏரி, சூரியகாந்தித் தோட்டங்கள், மறுபடி மலை. வேலையில் பட்ட களைப்பு போதாதென்று இதையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவேண்டிய அந்த ஒரு வசனத்தை மட்டும் வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

நெவ்ஷெஹிருக்குப் பக்கத்து ஊரான கோரெமெயில் விடிந்ததும் ஹோட்டல் வாசலுக்கு இறங்கினால் மீசையோடு ஒருவன் நிற்கிறான். அப்பாவின் முகம். "அக்கா" என்றான். கட்டிப்பிடிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு பேரும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றோம். அவனிடம் எலுமிச்சம்பழ மணம் வந்தது. அந்தப் பக்கத்தில் கரையோரத்து எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்து பாறைக் குகைகளில் குளிருக்கு அடுக்கி வைப்பார்களாம். களவாக அந்த வேலைக்குத்தான் அவன் போய்க்கொண்டிருந்தான். இரவு முழுக்க லொறி ஏற்றிவிட்டு நேராக வந்திருந்தான்.

"சாப்பிட்டியோ?"

"ஓம். நீங்கள் ஏறுங்கோ. பஸ்ஸில இருந்து கதைப்பம்."

என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. என் தம்பி, இன்று மட்டும் கூட வரட்டும் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் அவனோடு துருக்கியில் ஏதோ பேசினார். பிறகு தோளில் தட்டி ஏற்றிவிட்டார்.

ஜன்னல் பக்கம் அவனை விட்டேன். பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பினால் அவன் தூங்கிவிட்டான். பஸ் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை.

முதல் இடம்வரை தூங்கட்டும் என்று விட்டேன். முதல் இடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். "தம்பி" என்று கூப்பிட்டேன். அசையவில்லை. வாய் சற்றுத் திறந்திருந்தது. தோளைத் தொடப் போன கையை ஏனோ இழுத்துக்கொண்டேன். இறங்கிய பிள்ளைகள் கூம்புப் பாறைகளுக்குள் ஏறி ஒருவரையொருவர் படம் எடுத்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். அடுத்த இடத்திலும் அப்படித்தான். நிலத்தடி ஊரிலும் அப்படித்தான். தலை ஜன்னலிலிருந்து நழுவி என் தோளுக்கு வந்தது. கை மரத்துப்போனது.

எனக்கு அழுகை வந்தது. பாசத்தில் அல்ல, கோபத்தில். இத்தனை கடல் தாண்டி நான் வந்தது இதற்கா? விடுமுறைக்கு மேற்பார்வையாளரிடம் கெஞ்சியது, மாமிமாரின் கேலியை விழுங்கியது எல்லாம் நினைவுக்கு வந்தன. எழுப்பிவிட வேண்டியதுதான் என்று நிமிர்வேன். அவன் விரல்களைப் பார்ப்பேன். வெடித்த விரல்களில் எலுமிச்சைப் புளி தின்ற வெள்ளைக் கோடுகள் இருந்தன. மறுபடியும் சாய்ந்துகொள்வேன்.

கியூபெக் பெண்களில் ஒருத்தி ஏறிவந்து, உன் காதலனா என்று பிரெஞ்சில் கேட்டாள். தம்பி என்றேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போனாள். வழிகாட்டி மைக்கைக் கையில் எடுத்தார், எங்கள் பக்கம் பார்த்தார், திரும்ப மாட்டிவிட்டார். அன்று முழுவதும் நடுவழியில் நின்று, கோவிலுக்குள் கதைப்பதுபோலத் தணிந்த குரலில்தான் விளக்கம் சொன்னார். பஸ்ஸே அடங்கியிருந்தது. அந்த ஒன்றுக்காக அவருடைய பழைய கத்தல்களை மன்னித்துவிட்டேன்.

பின்நேரம் பஸ் நெவ்ஷெஹிர் பெருந்தெருவில் நின்றது. அடுத்தது கொன்யா, வேறு மாகாணம். அது அவனுக்குத் தடை. வழிகாட்டி தொட்டதும் திடுக்கிட்டு எழுந்து நின்றான்.

"என்ன, வந்திட்டுதோ? ஏனக்கா எழுப்பேல்லை?"

பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. பையை அவன் கையில் திணித்தேன். "அம்மா தந்தவ" என்பதுதான் வாயில் வந்தது. கதவு மூடிவிட்டது. ஒரு பக்கத் தலைமயிர் அமுங்கிய கோலத்தில் தெருவோரம் நின்று கையைக் காட்டினான். பஸ் திரும்பியபோதுதான் அந்த வசனத்தைச் சொல்லவில்லை என்பது உறைத்தது. அதற்குப் பிறகு பார்த்த கொன்யாவும் வெள்ளைப் படிகள்போல இறங்கும் பமுக்கலெ ஊற்றுகளும் என் கண்ணில் நிற்கவேயில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா கேட்டார்: "சொன்னியோ?"

"இல்லை. அவன் முழுநாளும் நித்திரை. எழுப்ப மனம் வரேல்லை."

"நித்திரையைப் பாக்கவோ உன்னை அனுப்பினனான்?"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். மீன் வாங்குவதையும் நிறுத்தினார். அவன் இருந்த வீட்டுக்குப் போன் எடுத்தால் யாரும் தூக்கவில்லை. பூசையில் அந்த மாமி, "துருக்கி எப்பிடி, வடிவோ?" என்று கேட்டார். நல்ல வடிவு என்றேன். வேலைக்குப் போனேன், வந்தேன். போன் மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

பனி தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது.

"அக்கா, நான்தான்."

"எங்க நிக்கிறாய்?"

"அங்கதான். நெவ்ஷெஹிரில. கூட இருந்த பெடியள் எல்லாரும் கடலால போயிட்டாங்கள். வெளிக்கிடேக்க என்னையும் எழுப்பினவங்கள். நான் எழும்பேல்லை." பிறகு கேட்டான்: "அந்த பஸ் திரும்ப எப்பக்கா வரும்?"

அகப்பையோடு பக்கத்தில் வந்து நின்ற அம்மாவிடம், "அவன் கடலுக்குப் போகேல்லை அம்மா" என்றேன். அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். முகத்தைச் சேலையால் துடைத்தார். வெகுநாளைக்குப் பிறகு என்னோடு பேசினார்.

"அந்தச் சுற்றுலாக்காரரிட்டக் கேள் பிள்ளை, இனி எப்ப போகினமெண்டு. நீ போய்ப் பக்கத்தில இரு. எழுப்பாதை."