தொவேரா அக்காவுக்குத் துணை யார்

தொவேரா அக்காவின் அப்பா, ம்வேரா என்கிற தென்காற்றில் படகு கவிழ்ந்து ஏரியோடு போனபோது அவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதமே கடைசித் தங்கை பிறந்தாள். குழந்தைக்கு சுஸ்கோ என்று பேர் வைத்தார்கள்; எங்கள் பக்கத்தில் அதற்குத் துன்பம் என்று அர்த்தம். அம்மாவும் அதிக நாள் தாங்கவில்லை. படிப்பு முடிந்து எங்கள் ஏரிக்கரை ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வரும்போது அக்கா தனியாக வரவில்லை. வொங்கானி, லிம்பானி என்று இரண்டு தம்பிகள், முதுகில் துணியால் கட்டிய சுஸ்கோ, தலையில் ஒரு மூட்டை.

நானும் அங்கே நர்ஸ், அவளைவிட வயதில் இளையவள், பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி. அவளுக்கு இரவு டியூட்டி என்றால் பிள்ளைகள் என் வீட்டில்தான் தூங்கும். விடிந்ததும் யூனிபாரத்தோடு வந்து அள்ளிக்கொண்டு போவாள். குளிப்பாட்டி, மரவள்ளிக் களி கிண்டிக் கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத்தான் படுப்பாள். படுத்த கொஞ்ச நேரத்தில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள்.

ஒருமுறை பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பெண் கேட்டு வந்தார். நல்ல மனுஷன். வெற்றுக்கையோடு வராமல் இரண்டு கோழி கொண்டுவந்திருந்தார்.

"பசங்க ரெண்டு பேரும் அவங்க பெரியப்பா வீட்டுக்குப் போகட்டும். சின்னவ மட்டும் நம்மகூட இருக்கட்டும், சிஸ்டர்," என்றார்.

"கோழியைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க, வாத்தியாரே. வேற வீட்டுல ஒத்தைக் கோழிக்கே பொண்ணு குடுப்பாங்க."

அவர் போனபின் நான் சண்டை போட்டேன். "உனக்குன்னு ஒரு ஆள் வேணாமா, அக்கா?" என்றேன். "மூணு பேர் இருக்காங்களே ரோடா, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் எழவில்லை.

மூன்று பேரும் தேறினார்கள். வொங்கானி ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை தேடிப் போனான். லிம்பானி லிலோங்வேயில் அரசாங்க ஆபீசர். சுஸ்கோ இங்கிலாந்துக்குப் போனாள், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் குளிப்பாட்டும் வேலைக்கு. ஜோஹன்னஸ்பர்க் போகும்போது வொங்கானி தன் மனைவி எஸ்னாத்தை அக்காவிடம் விட்டுப் போயிருந்தான்.

எஸ்னாத் வாய் ஓயாத பெண். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அவள் இருந்த காலத்தில்தான். கால் வலி என்று நொண்டி நடித்து டியூட்டிக்கு வராமலிருந்த ஒரு நர்சம்மாவைப் போல நடந்து காட்டுவாள், சிரித்துச் சிரித்து அக்காவுக்குப் புரையேறும். பிறகு வொங்கானி அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று செய்தி வந்தது. அவனே போன் செய்தான். "அவளை அவ வீட்டுக்கே அனுப்பிடு, அக்கா."

அக்கா அனுப்பினாள். எஸ்னாத் துலக்கிய பாத்திரங்களை வெயிலில் கவிழ்த்துவைத்துவிட்டு, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு தன் ஊரான உசிஸ்யாவுக்குப் படகேறப் போனாள். "இது நியாயமா?" என்று கேட்டேன். "தம்பி சொல்லிட்டான்," என்றாள் அக்கா. மூன்று பேரில் யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு அது சட்டம்.

அதன்பின் அந்த வீட்டில் ரேடியோ மட்டும் பேசியது. கிறிஸ்துமசுக்கு வருகிறோம் என்பார்கள். மெத்தையை வெயிலில் போடுவாள். வர முடியவில்லை என்று போன் வரும். மெத்தையை உள்ளே எடுத்துப்போடுவாள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், மழைக்காலத்தில், பிரசவ வார்டு படியில் வழுக்கி விழுந்தாள். தொடையெலும்பு முறிந்தது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, அவள் வேலை பார்த்த பெண்கள் வார்டிலேயே படுக்கவைத்தோம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டிலும் மருந்தும் கிடைக்கும். சமைத்துப் போட, உடம்பு துடைக்க, துணி துவைக்க சொந்தத்தில் ஒருவர் துணைக்கு வரவேண்டும். சேர்க்கும்போது கேட்பது வழக்கம், அவளிடமும் கேட்டார்கள்.

"துணைக்கு யாரு, சிஸ்டர்?"

"வருவாங்க."

நான்தான் போன் செய்தேன். லிம்பானி இருக்கானே, பக்கம்தானே என்றான் வொங்கானி. ஆபீசில் தணிக்கை நடக்கிறது, முடிந்ததும் வருகிறேன், அதுவரை ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், பணம் அனுப்புகிறேன் என்றான் லிம்பானி. சுஸ்கோ போனில் தேம்பித் தேம்பி அழுதாள். "இப்ப கிளம்பினா திரும்ப உள்ள விடமாட்டாங்க, ரோடாக்கா. நான் என்ன செய்ய?" அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூலிக்கு வந்த பெண் ஒரு வாரத்தில் நின்றுவிட்டாள். நான் டியூட்டிக்கு நடுவே ஓடி ஓடிப் பார்த்தேன். மற்ற நேரத்தில் பக்கத்துக் கட்டில் கிழவியின் மகள்தான் அக்காவின் அழுக்குத் துணியையும் சேர்த்து ஏரிக்கு எடுத்துப்போனாள். அவள் வந்தாலே அக்கா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாள். கிழவிக்கு அது தெரிந்திருந்தது. "சிஸ்டருக்கு நல்ல தூக்கம், எம் பொண்ணு வாளியைத் தூக்கினதும் வந்துடுது," என்று ஒருநாள் சத்தமாகச் சொன்னாள். வார்டே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

ஒரு மத்தியானம் எஸ்னாத் வந்து நின்றாள். உடம்பு பெருத்திருந்தது; ஊரில் மறுகல்யாணம் ஆகி, பிள்ளைகளும் பெற்றிருந்தாள். கையில் சட்டி, விறகு, சுருட்டிய பாய்.

"உனக்கு யாரு சொன்னா?" என்றாள் அக்கா.

"மீன்காரிங்க. சிஸ்டர் தனியாக் கெடக்குதுன்னு கரை பூராவும் பேச்சு."

"உன்னை வீட்டை விட்டு அனுப்பினவ நான்."

"ஆமா, அனுப்பினீங்க. இப்ப அந்தப் பக்கம் திரும்புங்க. ஐயோ, முதுகெல்லாம் புண்ணு. ரோடாக்கா, வெந்நீர் எங்க கெடைக்கும்?"

"உன் புருஷன் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. நான் காதுல வாங்கல. எம் மாமியா, உங்கம்மா, உசுரோட இருந்தா அவங்க வந்திருப்பாங்க. அவங்க இல்லியே, வேற யாரு வருவா?"

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகு துடைத்து முடியும்வரை தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. எஸ்னாத் கவனிக்காததுபோல் மரவள்ளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே துடைத்தாள்.

எடையை அவிழ்க்கும்வரை இருந்தாள். வெளியே மற்றத் துணைக்காரப் பெண்களோடு சமைத்து, கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்து, கைத்தாங்கலாக நடக்கப் பழக்கிவிட்டுத்தான் உசிஸ்யாவுக்குப் போனாள். லிம்பானி அதற்கப்புறம் ஒருநாள் காரில் வந்து, ஒரு பகல் முழுக்க அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டியிருந்தது. லிலோங்வேக்கு வா என்று லிம்பானி சொன்னான். அவன் மனைவி சொல்லவில்லை. எஸ்னாத் நேரில் வந்து, பெட்டியைத் தானே கட்டி, உசிஸ்யாவுக்குப் படகில் கூட்டிப்போனாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அடுத்த மழைக்காலம் முடியும் முன்பே அக்கா திரும்பி வந்துவிட்டாள். ஊன்றுகோலோடு என் வாசலில் நின்றாள்.

"சண்டையா?"

"சீ, தங்கமாப் பாத்துக்கிட்டா. பிள்ளைங்க மடியை விட்டு எறங்கல." ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். "எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க, ரோடா. யார் மூஞ்சியைப் பாக்கறதுன்னே தெரியல. சாப்பாடு எறங்கல. எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு."

இப்போது சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறாள். போன வாரம் நான் போனபோது பெரிய சட்டியில் பொடிமீன் வதக்கிக்கொண்டிருந்தாள். யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். யாரும் வரவில்லையாம், கொஞ்சமாகச் சமைக்க இன்னும் கை வரவில்லையாம். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மீதியைக் கட்டி என்னிடமே கொடுத்தாள்.