மருந்துக்கடை முனைக்கு அப்பால்

தெருவில் அவளுக்கு ‘சாக்பீஸ் அக்கா’ என்று பெயர். ஓவியர்தான், ஆனால் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு படம்கூட வரைந்ததில்லை. ஞாயிறு காலையில் இருபது பேரை இழுத்துக்கொண்டு நடப்பாள். மூலைக்கு மூலை நின்று, "இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்பாள். அவர்கள் சொல்லச் சொல்ல, இடித்துப்போட்ட அச்சகத்தையும் சலூனையும் கதவு, பெஞ்சு அளவு மாறாமல் தார் ரோட்டில் வரைவாள். "ஊரெல்லாம் நடந்து செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்" என்பார் தையல்காரரான அவள் கணவர்.

அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று. "தப்புன்னு தோணுதா? இந்தாங்க சாக்பீஸ், நீங்களே போடுங்க. ஆனா யார் போட்டதையும் யாரும் அழிக்கக் கூடாது." மழை அழிக்கலாம், லாரி அழிக்கலாம். இந்தச் சட்டத்தால் அச்சகத்துக்கு மூன்று வாசல் வந்து, அதில் அச்சகக்காரரின் பிள்ளைகளான அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. கலை வளர்ந்தால் குடும்பம் கொஞ்சம் தேயத்தானே செய்யும்!

ஏழு வருடமாக, மருந்துக்கடை முனை வந்ததும் கூட்டத்தை இடது சந்தில் திருப்பிவிடுவாள். "நேரா போனா வண்டி ஜாஸ்தி." ஒரு சைக்கிள்கூட உருப்படியாக ஓடாத ரோடு அது. அந்த ஞாயிறு இடது சந்தில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிவைத்திருந்தார்கள். வேறு வழியில்லை. நேரே போய், செல்போன் கடை முன்னால் கூட்டம் பழக்கதோஷத்தில் தானாக நின்றது. அவள் முந்திக்கொண்டாள்.

"இங்க முன்னாடி காலி மனைதான். வாங்க, போலாம்."

"எது காலி மனை?" இஸ்திரி போடும் அம்மா இடுப்பில் கைவைத்தாள். "உங்கப்பன் மளிகைக்கடை இல்ல இது? குடு அந்த சாக்பீஸை."

சட்டமாயிற்றே, கொடுத்தாள். இஸ்திரி அம்மா குனிந்து மேசை போட்டாள், மேசை ஓரத்தில் தொங்குகிற தராசு போட்டாள். ஒரு தட்டு தாழ்ந்து தரையைத் தொட்டது. "தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டி நிறுத்த மனுஷன்! அரைக் கிலோ சக்கரைன்னு வாங்கிட்டுப் போனா டப்பா பாதிகூட நிறையாது." தராசுக்கு மேலே பெரிதாக எழுதினாள்: திருட்டுக் கடை. கூட்டம் கெக்கெக்கே என்று சிரித்தது.

செத்துப்போன அப்பா பெயர் நடுரோட்டில் கிடந்தது. அக்காவுக்கு முகமெல்லாம் எரிந்தது. செருப்புக்காலால் ஒரு தேய் தேய்த்தால் போதும். ஆனால் தேய்த்தால் ஏழு வருட நடையும் புளுகு என்றாகிவிடும். கால் தூக்கியதை இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலைக் கீழே வைத்தாள். சாக்பீஸை வாங்கி, மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்ன உருவம் வரைந்தாள்.

"அது என்ன, பூனையா?" என்றாள் இஸ்திரி அம்மா.

"நான்தான். எட்டு வயசு. அப்பா இருமினா காந்தத்தை ஒட்டணும். யாராவது சந்தேகப்பட்டுக் குனிஞ்சா எடுத்து வாயில போட்டுக்கணும். அதான் என் வேலை."

சிரிப்பு நின்றது.

"அடிப்பாவி!" அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாப்பது வருஷமா அந்த ஆளை மட்டும் தனியா ஏசிட்டு இருந்தேனே!" பிறகு சாக்பீஸைப் பிடுங்கி, சின்ன உருவத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டு ‘கூட்டாளி’ என்று எழுதினாள்.

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதையும் அழிக்கவில்லை.

மறுவாரம் பள்ளத்தை மூடி இடது சந்தைத் திறந்துவிட்டார்கள். மருந்துக்கடை முனையில் கூட்டம் வழக்கம்போல் இடப்பக்கம் திரும்பியது. அக்கா நேரே போனாள்.