பனிமூட்டத்தில் நடந்த பேண்ட்

தொண்ணூறுகளில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் மாணவர் பேண்டுக்கு நான் டைரக்டர். இசை ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வேறு வாங்கியிருந்ததால் கர்வத்துக்குக் குறைவில்லை. "என் கையை மட்டும் பாருங்கள்" என்று மாணவர்களை விரட்டிக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் ஃபுட்பால் மேட்ச் இடைவேளையில் நாங்கள் வாசிப்பதை வைத்துத்தான் என் வேலை நிரந்தரமாகுமா என்று டீன் முடிவு செய்வதாக இருந்தார். ஏணி மேடையில் ஏறிக் கையை வீசினேன். பேண்ட் நடக்கத் தொடங்கியதும் கடல் பக்கத்திலிருந்து பனிமூட்டம் இறங்கி மைதானத்தையே மூடிவிட்டது. மாணவர்களை விடுங்கள், என் கையே எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் மோதி விழப்போகிறார்கள், வேலை போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் அந்த வெண்மைக்குள் எங்கோ டிரம் நடந்துபோனது. அதன் பின்னால் டிரம்பெட்டுகள் மிதந்து வந்தன. ஒருவர் காலடியை ஒருவர் கேட்டே நடந்தார்கள் போலிருக்கிறது. ஓர் அடிகூடத் தப்பவில்லை. மேகத்துக்குள் நிற்பது போலிருந்தது. கையைத் தொங்கவிட்டு, முதல்முறையாக என் பேண்டைக் கேட்டேன்.

பனி விலகியதும் பார்வையாளர் வரிசையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். "இன்னிக்குத்தாங்க பேண்ட் சூப்பர்! நீங்க எங்க போயிட்டீங்க?"

வேலை நிரந்தரமானது. அதன்பின் ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரு பாட்டுக்கு மேடையை விட்டு இறங்கி, கண்ணை மூடி நிற்பேன். ஏன் இறங்குகிறேன் என்று கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.