குளத்து முனையிலிருந்து லஸ் வரை

நாலு வருடத்துக்கு முன்பு, பங்குனி மாதம், மயிலாப்பூரில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று நடந்தது இது. வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாடியில் நான். கீழே ஒரு கணவன் மனைவி வாடகைக்கு இருந்தார்கள். கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இந்த நாலு வீதிக்குள் என்பதால் பேட்டைக்கே பட்டா வாங்கி வைத்திருப்பவள் மாதிரி பேசுவேன். எந்தச் சந்தில் நுழைந்தால் எங்கே வரலாம், எந்த டாக்டர் கைராசிக்காரர், யாருக்கு என்ன கஷாயம் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும். கீழ் வீட்டு அம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர். எதற்கெடுத்தாலும் "அக்கா, இன்னா பண்ணலாம்?" என்று என்னிடம்தான் வருவார். நான் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன்.

வருடா வருடம் உற்சவத்தன்று எங்கள் சந்து முனையில் நீர்மோர்ப் பந்தல் போடுவேன். கே.கே. நகரிலிருந்து என் தம்பி, நாத்தனார் என்று எல்லாரும் குடும்பத்தோடு சாமி பார்க்க வந்துவிடுவார்கள். மோர் ஊற்றுவது மட்டும் கீழ் வீட்டுக்காரரின் வேலை. நெரிசலில் டிக்கெட் கொடுத்துப் பழகிய கை அல்லவா? "முன்னால போ, முன்னால போ" என்று வரிசையை நகர்த்திக்கொண்டே ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவார்.

அன்று காலை பத்து மணி இருக்கும். மோருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு அம்மா படியேறி வந்து அடுக்களை வாசலில் நின்றார்.

"அக்கா, அவருக்கு விடிகாலைலேர்ந்து நெஞ்சு அடைக்கிற மாதிரி கீதாம். இடது கை வேற வலிக்குதுன்றாரு. ரோட்டை மூடறதுக்குள்ள ஒரு நடை கார்ல ஆஸ்பத்திரியில வுட்டுட்டு வந்துர்றீங்களா?"

மதியம் ஆனால் போலீஸ்காரர்கள் தடுப்பு போட்டுவிடுவார்கள். கார் வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது நிச்சயமில்லை. எங்கேயாவது நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வர வேண்டும். தயிரை இன்னும் பாதிகூடக் கடையவில்லை. விருந்தாளிகள் எந்த நிமிடமும் வந்துவிடுவார்கள். இதெல்லாம்தான் என் மனதில் ஓடியது.

"வாயுதான். நேத்து ராத்திரி மொச்சைக்கொட்டைக் குழம்பு வெச்சே இல்ல? ஓம வாட்டர் தரேன், கொடு. அதுக்கும் கேட்கலேன்னா நாளைக்குக் காலைல நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "அக்காவுக்கு ஆயிரம் வேலை கீது. போய்த் தொந்தரவு பண்ணாத. எனக்கு ஒண்ணுமில்ல."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்தம்மா ஓம வாட்டர் பாட்டிலை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஓர் ஆட்டோவைப் பிடித்தாவது போயிருப்பார்கள். லஸ் முனையைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. ஆனால் நான்தான் தீர்ப்பு சொல்லிவிட்டேனே.

மதியம் இரண்டு மணிக்கு அவர் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, புதுத் துண்டு போட்டுக்கொண்டு பந்தலுக்கு வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது, கழுத்தெல்லாம் வேர்வை. "வெயில் எப்படிக் கொளுத்துது பாருங்க" என்றேன். சிரித்தார். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஊற்ற ஆரம்பித்தார். இரண்டரை மணி நேரம் ஊற்றினார். நாலரை மணிக்குக் கையிலிருந்த சொம்பு நழுவியது. மோர் தெறித்த ஒருவர் திட்ட வாயெடுத்தார். அப்புறம்தான் பார்த்தோம், இவர் தலை தோளில் சரிந்திருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். லஸ் முனை வரைக்கும்தான் வர முடியும் என்றார்கள். நியாயம்தான். மாட வீதியில் தலைகள்தான் தெரிந்தன, தரை தெரியவில்லை. என் கார் கேட்டுக்குள்ளே துடைத்து வைத்தபடி நின்றுகொண்டிருந்தது.

எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, பந்தலுக்குப் பக்கத்தில் கீழே விரித்துப் பொம்மை விற்றுக்கொண்டிருந்த ஆள்தான் எழுந்து வந்தார். "இன்னா வேடிக்கை பாத்துக்கினு கீறீங்க? சேரோட தூக்கு!" என்று ஒரு சத்தம் போட்டார். தன் பொம்மைகளை அப்படியே போட்டுவிட்டு முன்கால் ஒன்றைப் பிடித்தார். இன்னொன்றை என் தம்பி பிடித்தான். மோர் குடிக்க வந்த இரண்டு பேர் பின்னால் பிடித்தார்கள். கீழே சரியாமல் இருக்க அந்தப் புதுத் துண்டாலேயே அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார் அவர் மனைவி.

எங்கள் சந்திலிருந்து குளத்து முனை, அங்கே வலது பக்கம் திரும்பினால் நேரே லஸ். தினமும் காய்கறிப் பையோடு நான் நடக்கிற தூரம், பேசிக்கொண்டே போனால்கூட பத்து நிமிடம் ஆகாது. அன்றைக்கு ஒவ்வோர் அடிக்கும் நின்றோம். நான் முன்னால் போய் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அதைவிடக் கொடுமை, ஜனங்கள் எங்களைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். நடக்க முடியாத பெரியவரைச் சாமி பார்க்கத் தூக்கி வருகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். "பெத்த புள்ளைங்கன்னா இப்படி இருக்கணும்" என்று ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ புண்ணியவான் அன்னதானப் புளியோதரைத் தொன்னை ஒன்றை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

அவர் மனைவி மட்டும் அழவில்லை. ஒரு கையை அவர் தோளில் வைத்துக்கொண்டு, காதோரம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தார்.

குளத்துக் கம்பி வேலி ஓரமாகப் போகும்போது பொம்மைக்காரர் என்னைக் கண்ணால் கூப்பிட்டார். "யம்மா, பெரியவரு கை சில்லுனு கீது. மூச்சும் இல்ல" என்றார் மெதுவாக.

ஐயோ என்று கத்த வாயைத் திறந்தேன். அந்தம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"கத்தாதீங்க அக்கா. எனக்குத் தெரியும். நம்ம சந்துலயே தெரியும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமி புறப்பாடு வரும் தெருவில் சாவு விழுந்தால் உடலை எடுக்கும் வரை சாமி அங்கே வராது.

"இங்க சொன்னா சாமியை நிறுத்திடுவாங்க. இத்தினி ஜனம் காலைலேர்ந்து வெயில்ல நின்னுக்கினு கீது. முப்பது வருசம் பஸ்ல போனாரு, ஒருத்தரையும் காக்க வெச்சதில்ல. லஸ்ல போய்ச் சொல்லிக்கலாம். நடங்க அக்கா."

ஒருத்தரையும் காக்க வைத்ததில்லை என்று அவர் தன் புருஷனைப் பற்றித்தான் சொன்னார். என்னைக் குத்திக் காட்டவில்லை என்று எனக்குத் தெரியும். குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

குளத்து முனைக்கு நாங்கள் வரவும், மேற்குப் பக்கமாகச் சாமி வரவும் சரியாக இருந்தது. கயிறு கட்டிக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். இனி எல்லாப் பல்லக்கும் போய் முடியும் வரை அசைய முடியாது. பொம்மைக்காரர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "உசுரு போவுது நைனா, வழி வுடு!" போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் கத்தினார்.

பல்லக்குத் தூக்கிகளில் முன்னால் நின்றவர் எங்களைப் பார்த்துவிட்டார். கையை உயர்த்தினார். பல்லக்கு நின்றது. மேளமும் நின்றது. கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்கள். சாமிக்கு நேர் முன்னால் நாலு பேர் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடந்தார்கள். அவர் மனைவி கும்பிடவில்லை. தொங்கிய தலையை மட்டும் இரண்டு கையாலும் நிமிர்த்திச் சாமி பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

லஸ் முனையில் மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. அதில் வந்தவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் சொல்வதற்கு முன்பே அந்தம்மா தலையாட்டிவிட்டார். மடியிலிருந்த தொன்னையை எடுத்துப் பொம்மைக்காரர் கையில் கொடுத்தார். "சாப்பிடுண்ணா. எம்மாந் தூரம் தூக்கிக்கினு வந்தே." அவர் அதை வாங்கிக்கொண்டு, நடு ரோட்டில் நின்று குழந்தை மாதிரி அழுதார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "காலைலேயே வலி இருந்திருக்குமே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாயுன்னு நினைச்சோம் சார்" என்றார் அந்தம்மா.

அடுத்த மாதமே அந்தம்மா சைதாப்பேட்டையில் தங்கை வீட்டோடு போய்விட்டார். போகும்போது ஓம வாட்டர் பாட்டிலைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இப்போதெல்லாம் உற்சவத்துக்கு முதல் நாளே காரைக் கொண்டுபோய் லஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தலில் நிற்கிறேன். தம்பி கேலி செய்கிறான். செய்துவிட்டுப் போகட்டும்.

"நினைச்சோம்" என்று அந்தம்மா என்னையும் சேர்த்துக்கொண்டு காப்பாற்றினாரே, அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஏனென்றால் நான் அப்படி நினைக்கவே இல்லை. இடது கை என்று கேட்டதுமே எனக்குச் சுருக்கென்றது. காரை எடுக்க மனமில்லாமல்தான் வாயு என்றேன் என்பதை அந்தம்மாவிடம்கூடச் சொல்லத் துணியாமல், இன்றுதான் முதல்முறையாக உங்களிடம் சொல்கிறேன்.