மட்கார்டில் மூன்று பள்ளங்கள்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதனின் இரண்டு விரல்கள் அந்தக் கொழுப்பால்தான் போயின.

ஐம்பதுகளின் கடைசியில் கோயமுத்தூரில், அவிநாசி ரோட்டை ஒட்டி டிங்கர் பட்டறை வைத்திருந்தேன். காரில் விழுந்த பள்ளத்துக்கு உள்ளே இரும்புக் கட்டையைத் தாங்கிக் கொடுத்து, வெளியே சுத்தியால் தட்டித் தட்டித் தகட்டை நிமிர்த்துவது என் தொழில். வெளிநாட்டுக் கார் இறக்குமதி அப்போது நின்றுபோயிருந்தது. உள்ளூர்க் காருக்கே பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் மில் முதலாளிகளுக்கு நீளமான கார் வேண்டும். சம்பந்தியுடையதைவிட அரையடியாவது நீளமாக வேண்டும். மலைமேல் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரன் ஒருவன் கப்பலேறப் போகிறான் என்று காதில் விழுந்தால் போதும், அவன் பெட்டி கட்டுவதற்குள் பங்களா வாசலில் நாலு முதலாளிகளின் ஆட்கள் நிற்பார்கள். அங்கேயே அடித்துக்கொண்டு மண்டையில் கட்டோடு இறங்கி வந்த டிரைவர் ஒருவனை எனக்குத் தெரியும்.

ஊருக்குக் கிழக்கே இருந்த ஒரு மில்லின் முதலாளி அப்படித்தான் ஓர் அமெரிக்கக் காரைப் பிடித்தார். அரக்கு நிறம். அது வந்த அதே வாரம் மில்லில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: மில் நட்டத்தில் ஓடுகிறது, இந்த வருடம் போனஸ் கிடையாது. நோட்டீஸ் பலகைக்கு நேரெதிரே அந்தக் கார் நின்றது. ஒரு கார் ஆளைப் பார்த்துச் சிரிப்பதற்கும் ஒரு அளவு உண்டு. மூன்றாம் நாள், ஷிப்ட் விட்ட நெரிசலில், யாரோ ஒருவன் அதன் இடப்பக்க முன் மட்கார்டில் மூன்று போடு போட்டுவிட்டுக் கூட்டத்தோடு கலந்து போய்விட்டான்.

மறுநாள் காலை முதலாளியே காரோடு என் பட்டறைக்கு வந்தார். கூடவே டிரைவரும், ஜீப்பில் இரண்டு தடி ஆட்களும்.

"கல்லெறிஞ்சுபோட்டானுங்க, மேஸ்திரி. என்ன பண்ணலாமுங்க?" என்றார்.

பள்ளத்தை விரலால் தடவினேன். அவர் கேட்டது வேலையைப் பற்றி. வேலையைப் பற்றி மட்டும் பேசியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் நாலு பேர் நிற்கிறார்களே, என் வாய் சும்மா இருக்குமா?

"இது கல்லில்லீங்க. கல்லுன்னா பெயிண்டு பிராண்டியிருக்கும். உருண்டைத் தலைச் சுத்திங்க, மில்லுல மிசின் பாக்கற பிட்டருங்க வச்சிருப்பாங்களே, அது. அடிச்சவன் காருக்கு முன்னால நின்னு அடிச்சிருக்கான். அடி விழுந்த சாய்வைப் பாருங்க, அது இடது கை."

டிரைவர் வாயைப் பிளந்தான். முதலாளி என் தோளில் தட்டினார். "உங்களுக்குக் கண்ணா, எக்ஸ்ரேவாங்க?" என்று சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பிறகு அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். டிரைவர் மெல்லச் சொன்னான்: "பிட்டருங்கள்ல நொட்டாங்கைக்காரரு ஒருத்தருதானுங்க."

மத்தியானம் ஜீப் திரும்பி வந்தது. பின்சீட்டில் நடுவில் ஒரு ஆள், முப்பது வயதிருக்கும், கருமத்தம்பட்டிக்காரர் என்று பிறகு தெரிந்தது. மில்லில் வைத்துத் தொட்டால் ஆட்கள் திரண்டுவிடுவார்கள் என்று என் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கதவை உள்ளே சாத்தினார்கள்.

எங்கள் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியும். அடிக்கும்போதும் 'ங்க' போடுவோம். தடி ஆட்களில் ஒருவன் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். இன்னொருவன் என் பெஞ்சைக் காட்டி, "கையை இப்பிடி வையுங்க கண்ணு" என்றான்.

"நானில்லீங்க. சாமி சத்தியமா நானில்லீங்க."

"அந்தக் கையில்லீங்க, நொட்டாங்கை."

என் சுவர் ஆணியில் தொங்கிய உருண்டைத் தலைச் சுத்தியை எடுத்தான். காரில் எத்தனை பள்ளமோ அத்தனை அடி. தகட்டில் விழும் அடியை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அது கணீரென்று திரும்பப் பேசும். கையில் விழுந்த அடி பேசவில்லை, ஈரமாக அமுங்கியது. முதல் அடிக்கு அவர் கத்தினார். இரண்டாவதற்கு வாந்தி எடுத்தார். மூன்றாவது விழுந்தபோது கால்கள் தொய்ந்து பெஞ்சின்மேலேயே சரிந்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் விரலாக இல்லை. எலும்பு தெரிந்தது.

நான் அரத்தைப் பிடித்தபடி மூன்று முழம் தள்ளி நின்றிருந்தேன். 'நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயம்தான். ஆனால் பயம் மட்டுமில்லை. அந்த ஆள் உண்மையிலேயே இடதுகைக்காரர் என்று தெரிந்தபோது, 'பார், நான் சொன்னது சரிதான்' என்று உள்ளே ஒரு சந்தோஷம் எழுந்தது. இன்றைக்கும் அதற்காக என்னை நான் காறித் துப்புகிறேன்.

அவரை ஜீப்பில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்கள். பெஞ்சைக் கழுவினேன். மறுநாள் மட்கார்டில் கை வைத்தேன்.

உள்ளே கட்டையைக் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று முன்கதவின் ஓரமாகக் குனிந்தேன். கண்ணாடிக்குக் கீழே, என் இடுப்பு உயரத்தில், புதுக் கீறல்கள். பெல்ட்டுக் கொக்கி உரசிய கீறல். அடித்தவன் காருக்கு முன்னால் நிற்கவேயில்லை. இங்கே, கதவில் சாய்ந்து, முன்பக்கம் பார்த்து நின்றிருக்கிறான். நானும் சாய்ந்தேன். கையில் சுத்தியோடு பள்ளத்தின் மேல் ஓங்கிப் பார்த்தேன். சாய்வு அச்சாகப் பொருந்தியது.

சுத்தி என் வலது கையில் இருந்தது.

சாயங்காலம் முதலாளி ஜீப்பில் தடி ஆட்களோடு வேலையைப் பார்க்க வந்தார். சொன்னேன். கீறலைக் காட்டினேன். "அந்த ஆள் இல்லீங்க. நான் தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க. இது சோத்தாங்கைங்க."

அவர் பொறுமையாகக் கேட்டார். "எவனா இருந்தா என்னங்க, மேஸ்திரி? இனிமேல் ஒருத்தனும் காரைத் தொடமாட்டான். கலரு மட்டும் சேர்ந்துருமில்லீங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சுத்தியை எடுத்துக் கதவில் சாய்ந்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, அந்த அரக்கு மட்கார்டில் ஒரே போடு போட்டேன். பழைய பள்ளத்துக்குப் பக்கத்தில் அதே ஆழத்தில், அதே சாய்வில் நாலாவது பள்ளம் விழுந்தது. "பாத்துக்குங்க! இது எந்தக் கைங்க?" என்று கத்தினேன்.

அவர் பள்ளத்தைப் பார்க்கவில்லை, ஜீப்பைப் பார்த்தார். தடி ஆட்கள் இறங்கி வந்தார்கள். இரண்டு பற்கள் போயின. ஒரு விலா எலும்பில் விரிசல். என் கைகளை மட்டும் அவர்கள் தொடவில்லை. அவருக்கு அந்தக் கார் முடிய வேண்டும்; ஊரில் அந்த வேலைக்கு வேறு நல்ல கை இல்லை. கட்டுப் போட்டுக்கொண்டு நானேதான் அதை முடித்தேன். கலர் சேர்ந்தது.

அதன் பிறகுதான் கருமத்தம்பட்டிக்குப் போனேன். பிட்டரின் வீட்டு நடையில் செருப்பைக் கழற்றினேன். இடது கை முழுவதும் துணி சுற்றி, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மில்லில் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அவர் மனைவி என் வீங்கிய முகத்தைப் பார்த்து, யார் எவரென்று கேட்காமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கீறலைச் சொன்னேன். வலது கையைச் சொன்னேன். நாலாவது பள்ளத்தைச் சொன்னேன். என் பல் போனதையும் சொன்னேன், ஏதோ அதைக் கொண்டுவந்து அவர் காலில் வைப்பதுபோல. கடைசியில், "காரை அடிச்சது நீங்க இல்லீங்க. இப்ப எனக்கு நிச்சயமாத் தெரியுமுங்க" என்று அழுதேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்களே" என்றார். "தண்ணியைக் குடிங்க."